முறுக்குக் கம்பி சொன்ன பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. படித்தவனைப் பார்த்துப் பாடுபடுகிறவர் சொல்லும் சொல்லாகவே நம்மில் பலர் இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆயினும், ஏட்டில் எழுதப்பட்ட சுரைக்காயும் ஒரு நாள் யாரோ ஒருவர் தோட்டத்தில் காய்த்துத் தொங்கியதுதானே! கண்டவர் எழுதி வைத்தார். எழுதியதை நாம் படிக்கிறோம். ஏட்டிலிருந்து தோட்டத்திற்குத் திரும்பிச் செல்லும் வழியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சென்ற கோடை விடுமுறையில், புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய அம்பாசிடர் காரின் முன்பக்க உயரத்தைச் சரிசெய்யும் வேலை எனக்கு அந்த வழியைக் காட்டியது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் மோட்டார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பட்டறைக்குச் சென்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'பி.எஸ்சி. படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா பதில் சொல்லாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது என்பதை நான் அறிவேன்.

முறுக்கும் காரும்

அம்பாசிடர் காரைப் பற்றி நம் நாட்டில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அமைச்சரும் ஆட்சியரும் ஏறிய வண்டி; வாடகைக் காராக ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு கோவில் குளம் சுற்றிய வண்டியும் அதுவே.

இவ்வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்குவது நாம் நினைப்பதுபோலச் சுருள்வில் அன்று. நீண்டு நேராக இருக்கும் ஓர் எஃகுத் தண்டு. பட்டறையில் இதை 'டார்ஷன் பார்' என்பார்கள். நாம் முறுக்குத் தண்டு எனலாம். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டும் வண்டியின் நீளவாக்கில் கிடக்கின்றன. தண்டின் முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு பற்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்முனை, வண்டியின் அடியில் ஒரு நெம்புகையின் மூலம் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறினால் கீழ்க்கை மேலெழும், தண்டு முறுக்கிக்கொள்ளும், மேடு கடந்ததும் முறுக்கவிழ்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த முறை அம்பாசிடருக்கு மட்டும் உரியதன்று. பிரான்சில் 1934-இல் வந்த சித்ரோயன் டிராக்சன் அவான்ட் காரிலும், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் காரிலும் முன்சக்கரங்களைத் தாங்கியவை முறுக்குத் தண்டுகளே. ஆனால் முறுக்கத்தின் விதியோ மோட்டார் காருக்கும் முற்பட்டது. பிரெஞ்சு அறிஞர் கூலூம் 1784-ஆம் ஆண்டிலேயே கம்பிகளை முறுக்கிப் பார்த்து அதனை வகுத்தார். கேவண்டிஷ் 1798-இல் புவியின் அடர்த்தியை அளக்கப் பயன்படுத்தியதும் ஒரு கம்பியின் முறுக்கத்தைத்தான். நாமெல்லாம் முதலாண்டு ஆய்வகத்தில் செய்தோமே, முறுக்கு ஊசல்! கம்பியில் ஒரு வட்டத் தட்டைத் தொங்கவிட்டு, அலைவு நேரம் கண்டு, விறைப்புக் குணகம் கணக்கிட்டோமே, அந்தச் சோதனையின் கம்பிதான் அம்பாசிடரின் அடியில் பருத்துக் கிடக்கிறது.

வண்டி வந்த கதை

ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், தம் தந்தை 1984-இல் வாங்கிய அம்பாசிடரை விற்க மனமின்றி, பெருஞ்செலவு செய்து புதுப்பித்தார். டிங்கரிங், பெயிண்ட், இருக்கை எல்லாம் முடிந்து வெண்ணிறமாய் மின்னிக்கொண்டு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. ஆனால் அது வலப்புறம் சாய்ந்து நின்றது. வேகத்தடைகளில் வலப்பக்க முன் அடிப்பாகம் உரசியது. "மேஸ்திரி, இன்னும் ஒன்பது நாள்ல என் மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையை இந்த வண்டியிலதான் அழைச்சிட்டு வரணும்னு எங்கப்பா சொல்லிட்டுப் போனாரு" என்றார் அவர். வேறு யாரோ, கடைசல் பட்டறையில் தடித்த கம்பி ஒன்று செய்து போட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

அப்பா மறுத்துவிட்டார். "அது சாதாக் கம்பி இல்லீங்க. நெருப்புல போட்டுப் பதம் பண்ணினது. மாத்தினா வண்டி தூக்கித் தூக்கிப் போடும்" என்றார். அவர் சொன்னதை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். தண்டின் விறைப்பு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கு மட்டும் கூட்டினாலும் விறைப்பு நூற்றுக்கு 46 பங்கு கூடிவிடும்! பத்து என்பது கண்ணுக்குத் தெரியாத தடிப்பு. 46 என்பது இடுப்பொடியும் வேறுபாடு. தாளில் எழுதிக் காட்டியபோது வண்டிக்காரர் அடங்கிவிட்டார். அப்பா அந்தத் தாளை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார்.

அளவு எங்கே எடுப்பது?

சாய்வு எவ்வளவு என்று அறிய எல்லோரும் செய்வது, தரையிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப்பைப் பிடிப்பதுதான். அப்படி அளந்தபோது வலப்புறம் 31 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பா அதை ஏற்கவில்லை. "மட்கார்டு டிங்கர் கையால தட்டினது. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்னு எவன் சொன்னான்? கம்பிக்கு மட்கார்டைத் தெரியாது, கையைத்தான் தெரியும்" என்றார்.

எவ்வளவு ஆழமான பேச்சு! எதை அளக்க வேண்டுமோ அதையே அளக்க வேண்டும் என்பதல்லவா நம் செய்முறைத் தேர்வின் முதல் பாடம்? கீழ்க்கை வண்டியோடு சேரும் இடத்தின் மையத்திற்கும், சக்கரத்தோடு சேரும் இடத்தின் மையத்திற்கும் உள்ள உயர வேறுபாட்டை இரண்டு பக்கமும் எடுத்தோம். கொத்தனாரின் ரசமட்டம் கைகொடுத்தது. இப்போது வேறுபாடு 18 மில்லிமீட்டர்தான். மீதி 13 மில்லிமீட்டர் டிங்கரின் சுத்தியல் செய்தது. மட்கார்டை நம்பித் தண்டைத் திருகியிருந்தால் கண்ணுக்கு நேராகவும் சாலைக்குக் கோணலாகவும் ஒரு வண்டி உருவாகியிருக்கும்.

அளக்கும் முன் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கக் கூடாது. தொங்கும்போது உட்புறம் இழுபட்ட சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியைப் பொய்யாக உயர்த்திப் பிடித்திருக்கும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்தித் துள்ளவிட்ட பிறகே அது தன் உண்மையான உயரத்திற்கு வரும்.

அடுத்து, குற்றம் முன்னாலா பின்னாலா என்று தெரிய வேண்டும். பின்பக்கப் பட்டை ஒருபுறம் தளர்ந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்து காட்டும். அதற்கு அப்பா ஓர் உபாயம் வைத்திருந்தார். பின் அச்சின் நடுவிலுள்ள குண்டுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, இரண்டு பின்சக்கரங்களும் தரையை விட்டுச் சற்றே எழும்படி தூக்கினார். இப்போது வண்டி பின்னால் ஒரே புள்ளியிலும் முன்னால் இரண்டு புள்ளிகளிலும் நிற்கிறது. பின்பட்டைகள் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க இயலாது. இந்நிலையில் சாய்வு மறைந்தால் குற்றம் பின்னால்; மறையாவிட்டால் முன்னால். எங்கள் வண்டியில் மறையவில்லை. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கும் என்று வடிவகணிதத்தில் படித்திருக்கிறேன். அந்தத் தேற்றத்தின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அதன் மேல்தான் அவர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்.

அப்பாவும் நானும்

வலப்புறத் தண்டின் பின்முனையைத் திருப்பி, வண்டியை 18 மில்லிமீட்டர் உயர்த்துவதென்று முடிவாயிற்று. கீழ்க்கையின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், தண்டின் பின்முனையை ஒரு பாகை திருப்பினால் சக்கரத்தில் ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர் மாறும். ஆகவே நான்கு பாகைக்குச் சற்று அதிகம் போதும். இவ்வளவு சிறிய திருப்பத்தை எப்படிப் பெறுவது என்று நண்பர்கள் கேட்கலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்பக்கத் தண்டில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளிமுனையில் எதிர்ப்புறம் ஒரு பல் நகர்த்தினால் ஏறத்தாழ 8.2 பாகை, மிஞ்சும் மாற்றம் ஒரு பாகைக்கும் குறைவு. நம் ஆய்வகத்து வெர்னியர் அளவுகோலின் தத்துவம் இதுவேயன்றோ?

இந்த இடத்தில்தான் அப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு தோன்றியது. "உயரம் ஏத்தலாம். ஆனா பாரை முறுக்கினா வண்டி கட்டையாப் போகும். கல்யாணப் பொண்ணு குலுங்கிக்கிட்டே போகணும்" என்றார் அவர். கட்டை என்றால் கடினம் என்று பொருள்.

என் பாடநூலோ வேறு சொல்லியது. தண்டின் விறைப்பு அதன் நீளம், ஆரம், எஃகின் குணகம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. பின்முனையைத் திருப்புவதால் இம்மூன்றில் எதுவும் மாறுவதில்லை. தண்டு எவ்வளவு முறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதை வண்டியின் எடையே முடிவு செய்கிறது. நாம் பின்முனையை நான்கு பாகை திருப்பினால், முன்முனையும் அந்த நான்கு பாகை நகர்ந்து வண்டியை உயர்த்திவிடும். தண்டினுள் இருக்கும் முறுக்கு முன்பிருந்த அளவேதான் இருக்கும். கிணற்றுக் கயிற்றின் மேல்முனையை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் வாளி ஒரு முழம் உயரும். கயிற்றின் இழுப்புக் கூடுவதில்லை. கீழ்க்கையின் சாய்வு மாறுவதால் வரும் சிறு மாற்றம், 18 மில்லிமீட்டருக்குப் பொருட்படுத்தத் தக்கதன்று.

வாதம் செய்வதைவிடச் சோதனை செய்வது மேல் என்று தோன்றியது. அப்போது ஷாக் அப்சார்பர்கள் பழுதுபார்ப்பில் இருந்தமையால் அவற்றின் தடை வண்டியில் இல்லை. முன்பம்பரை அழுத்திவிட்டால் வண்டி ஐந்தாறு முறை துள்ளி அடங்கியது. கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரத்தால் ஐந்து துள்ளலுக்கான நேரத்தைப் பத்து முறை எடுத்துச் சராசரி கண்டேன்: 4.1 விநாடி. உயரத்தை மாற்றிய பிறகு மீண்டும் பத்து முறை எடுத்தேன். அதே 4.1 விநாடி. அலைவு நேரம் மாறவில்லையென்றால் விறைப்பும் மாறவில்லை. அந்த ஒரு நேரத்திலிருந்தே, வண்டியின் எடை முன் அமைப்பை எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறது என்பதையும் கணக்கிடலாம். ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வந்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஏத்தின வண்டி கட்டையா ஓடினதை நான் ஓட்டிப் பாத்திருக்கேனே, அது பொய்யா?" என்றார்.

பொய்யன்று. நாற்பது ஆண்டுப் பட்டறிவு பொய் சொல்லாது. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். இருவரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். கீழ்க்கை கீழே இறங்கும் எல்லையில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது. மிகவும் உயர்த்தி வைத்த வண்டியில் கீழ்க்கை அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கும். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க இடமில்லை. 'தட்' என்று கட்டையில் மோதும். ஓட்டுகிறவர் அதைத்தான் 'கட்டை' என்று உணர்கிறார். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் மேல் எல்லையில் இதே கதை. ஆகவே உயர்த்துவது குற்றமன்று; சக்கரத்திற்கு மேலும் கீழும் இறங்கி ஏற இடம் வைக்காமல் உயர்த்துவதே குற்றம். பாடநூல் அப்பாவின் அனுபவத்தை மறுக்கவில்லை. அதற்குரிய காரணத்தை இடம் மாற்றிக் காட்டியது. அவருடைய அனுபவமோ, பாடநூல் சொல்லாமல் விட்ட எல்லையைச் சொல்லிக் கொடுத்தது.

தண்டினுள் உறங்கும் பாம்பு

இவ்வேலையில் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது தண்டு ஓய்வில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அப்போதும் முறுக்கு மிச்சம் இருக்கிறது. "கம்பிக்குள்ள பாம்பு சுருண்டு படுத்திருக்கு. வண்டி தொங்குதுன்னு நம்பிடாதே" என்பார் அப்பா. கீழ்க்கைக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி வைத்துத் தாங்காமல் எந்தப் பிணைப்பையும் அவிழ்க்க அவர் விடுவதில்லை. வண்டியையும் ஜாக்கியில் மட்டும் நிறுத்தமாட்டார். இருபுறமும் ஸ்டாண்டு வேண்டும்.

தண்டைக் குறடால் பிடிக்கவும் உளியால் தட்டவும் கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித்தான் தண்டைக் கையில் எடுப்பார். இதற்கும் நம் பாடத்தில் காரணம் இருக்கிறது. முறுக்கப்படும் தண்டில் தகைவு மையத்தில் சுழி, மேற்பரப்பில் உச்சம். ஆகவே மேற்பரப்பில் விழும் ஒரு சிறு கீறலிலிருந்தே முறிவு தொடங்கும். இடத்தண்டை வலத்திலும் வலத்தண்டை இடத்திலும் மாற்றிப் போடாததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுகிப் பழகியது. எதிர்த்திசையில் முறுக்கினால் விரைவில் தளரும் அல்லது முறியும்.

உயரத்தை இரண்டு தவணையில் மாற்றி, ஒவ்வொரு முறையும் உருட்டி, துள்ளவிட்டு, அளந்தோம். கடைசியில் இரு பக்கத்திற்கும் வேறுபாடு 3 மில்லிமீட்டர். "போதும். இதுக்கு மேல பாத்தா வண்டி ஓட்டறவன் சட்டைப்பையிலே இருக்கிற சில்லறையையும் கணக்குல எடுக்கணும்" என்று சிரித்தார் அப்பா. கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முழுதும் இறுக்கினோம். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பரும் முறுகி, அதுவும் ஒரு வில்லாக மாறி அளவைக் கெடுத்துவிடும்.

உயரம் மாறினால் சக்கரங்களின் நேர்மையும் மாறும். எனவே முன்சக்கரங்களின் டோ-இன் அளவைப் புதிதாகச் சரிசெய்தோம். ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழாதபடி அதையும் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தினோம். ஷாக் அப்சார்பர்கள் வந்து சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியபின் வண்டி வேகத்தடைகளில் உரசாமல் ஏறி இறங்கியது. மணமக்கள் முகூர்த்தம் முடிந்து அதிலேயே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நண்பர்களுக்கு

அம்பாசிடர் இனி வரப்போவதில்லை. அதன் முறுக்குத் தண்டைக் கைப்பழக்கமாக அறிந்தவர்களும் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. நம்மில் பலருடைய தந்தையர் தச்சராகவோ, கொல்லராகவோ, நெசவாளராகவோ, உழவராகவோ இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலிலிருந்து நாம் தப்பித்துப் போக வேண்டும் என்றே அவர்கள் நம்மைப் படிக்க வைக்கிறார்கள். தப்பித்துப் போவது வேறு. திரும்பிப் பாராமல் போவது வேறு. விடுமுறை நாட்களில் ஒரு நோட்டோடு அவர்கள் அருகில் உட்காருங்கள். 'ஏன்?' என்று கேளுங்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாத இடத்தில் நமக்கு நம் பாடம் உதவும். நம் பாடம் ஓய்ந்துபோகும் இடத்தில் அவர்களுடைய கை உதவும்.

அப்பாவின் கணக்கு நோட்டில் முன்பெல்லாம் வண்டி எண்ணும் வரவேண்டிய தொகையும் மட்டுமே இருக்கும். இப்போது முன்பக்க வேலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே அவர் கையெழுத்தில் மேலும் இரண்டு எண்கள் காணப்படுகின்றன: வேலைக்கு முன் இருந்த அளவு ஒன்று, வேலைக்குப் பின் வந்த அளவு ஒன்று.